கிரீஸுக்குக் கொடுத்த கடன்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஜெர்மன்காரர்களுக்கு கிரீஸ் மேல் ஏன் அவ்வளவு கோபம்?

பதில்: ஒரு நாட்டுக் கடனை இன்னொரு நாடு சுமக்காது என்று சொல்லித்தான் ஜெர்மன்காரர்களை யூரோ என்ற பொது நாணயத்துக்கு இழுத்தார்கள். ஒப்பந்தத்திலேயே அந்த விதி உண்டு. 2010 மே மாதம், கடனில் மூழ்கிய கிரீஸுக்கு 110 பில்லியன் யூரோ கடனுதவி என்றதும் ஏமாந்துவிட்டோம் என்று கொதித்தார்கள். தீவுகளை விற்றுக் கடனைக் கட்டுங்கள் என்றே எழுதியது ஜெர்மனியின் பில்ட் பத்திரிகை. ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே வேர்ச்சொல். தமிழிலோ கடன் என்றால் கடமையும்கூட!

கேள்வி: அந்தப் பணத்தில் கிரேக்கர்கள் சொகுசாக வாழ்ந்தார்களாமே?

பதில்: அதுதான் பெரிய புரளி. முதல் இரண்டு கடனுதவித் திட்டங்களில் போன சுமார் 216 பில்லியன் யூரோவில் கிரேக்க அரசின் செலவுக்கு வந்தது 10 பில்லியனுக்கும் குறைவு என்று 2016-இல் பெர்லின் ஆய்வு ஒன்று கணக்குப் போட்டது. மீதி பழைய கடனுக்கும் வட்டிக்கும் வங்கிகளைத் தூக்கி நிறுத்தவும் போனது. பழைய கடன் கொடுத்தவர்களில் பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகளே முக்கியம். தம்பி கையில் கொடுத்த பணம் நேரே வட்டிக்கடைக்குப் போன கதை. திட்டு மட்டும் தம்பிக்கு.

கேள்வி: ஏழை நாடுகளையும் பங்கு கேட்டார்களா?

பதில்: கேட்டார்கள். என் கணக்கில் மிக நியாயமான கோபம் ஸ்லோவாக்கியாவுடையது. 'எங்கள் பென்ஷனே கிரேக்கர்களுடையதைவிடக் குறைவு, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?' என்று 2010-இல் மறுத்தே விட்டார்கள். 2011 அக்டோபரில், தடுமாறும் யூரோ நாடுகளுக்கான பொது மீட்பு நிதியைப் பெரிதாக்கும் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் பிரதமர் இவெத்தா ரதிச்சோவாவின் ஆட்சியே கவிழ்ந்தது. இரண்டே நாளில், முன்கூட்டியே தேர்தல் என்ற பேரத்தில், எதிர்க்கட்சி ஆதரவோடு அதே தீர்மானம் நிறைவேறியது!

கேள்வி: பின்லாந்து?

பதில்: கடனுதவியை எதிர்த்த கட்சி 2011 தேர்தலில் 5 இடங்களிலிருந்து 39-க்குத் தாவியது. பிறகு பின்லாந்து தன் பங்குக் கடனுக்கு கிரீஸிடம் அடமானம் கேட்டு வாங்கியது.

கேள்வி: கிரேக்க மக்கள் கருத்தை யாராவது கேட்டார்களா?

பதில்: கேட்டார்கள், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று, 2015 ஜூலை 5 பொது வாக்கெடுப்பில். ஏடிஎம்மில் நாளுக்கு 60 யூரோ மட்டும் எடுக்கலாம் என்ற நிலையில், வரிசையில் நின்ற அதே ஜனம் 61 சதவீதம் 'வேண்டாம்' என்று குத்தியது. ஆனால் யூரோவை விடவும் பெரும்பாலானோருக்கு மனமில்லை. பத்தே நாளுக்குள், மறுத்ததைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு அரசு தலையாட்டிவிட்டது.