பள்ளிக் கேன்டீனில் எதை விற்கலாம்? கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் அறிவித்த ஒழுங்குமுறை 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு விடைகள் இவை.

கேள்வி: கேன்டீனில் சமோசாவும் குளிர்பானமும் தடைசெய்யப்பட்டவையா? (பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்)

பண்டத்தின் பெயரை விட்டுவிட்டு, அதில் உள்ளதைப் பாருங்கள். நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மிகுந்திருந்தாலும் அப்பண்டத்தைக் கேன்டீனிலோ விடுதிச் சமையலறையிலோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது.

குளிர்பானத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குக் கிடைக்கும் ஆற்றலில் சர்க்கரையின் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதை சிபிஎஸ்இ 2025 மே மாதச் சுற்றறிக்கையில் நினைவூட்டி, உணவுகளில் உள்ள சர்க்கரை அளவைக் காட்டும் 'சர்க்கரைப் பலகை'யைப் பள்ளிகளில் வைக்கச் சொன்னது. 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் 80 கலோரி, அதாவது 20 கிராம் சர்க்கரை. 100 மி.லி.க்கு 10 கிராம் சர்க்கரை உள்ள பானத்தில் 250 மி.லி. குடித்தால் 25 கிராம் உள்ளே போய்விடுகிறது. அதற்குப் பின் காப்பியில் போடும் சர்க்கரையைக் குறைத்து என்ன பயன்?

சமோசாவுக்கு லேபிள் இல்லாததால் சிக்கல் கூடுகிறது. மைதாவையும் உப்பையும்விட எண்ணெயைத்தான் நான் முதலில் கேட்பேன். எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது உருவாகும் மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது எல்லா உணவகங்களுக்கும் பொதுவான விதி.

கேள்வி: சிப்ஸ் பாக்கெட்டில் 'சோடியம்' என்றுதான் இருக்கிறது, உப்பு எவ்வளவு என்று எப்படி அறிவது? (ஒரு தாய்)

சோடியத்தை 2.5 ஆல் பெருக்குங்கள். 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறும் அளவுக்கா என்பதையும் கவனியுங்கள். ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: என் பெட்டிக்கடை பள்ளி வாயிலுக்கு எதிரே உள்ளது. கடையை மூட வேண்டுமா?

வேண்டியதில்லை. வாயிலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் கொழுப்போ சர்க்கரையோ சோடியமோ மிகுந்த பண்டங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்பதையும், அவற்றுக்கு விளம்பரம் வைப்பதையும்தான் விதி தடுக்கிறது. பெரியவர்களுக்கு விற்கத் தடையில்லை என்பதால், மணி அடித்த நேரத்தில் யார் வாங்கினார்கள் என்று கண்காணிப்பது கடினம். விதியின் பலவீனமான இடம் இதுவே என்பது என் கருத்து. வேர்க்கடலை, சுண்டல், வாழைப்பழம் ஆகியவற்றைக் கண்ணில் படும்படி முன்வரிசையில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியே கேன்டீன் நடத்துகிறது, உரிமம் வேண்டுமா? (தலைமையாசிரியர்)

வேண்டும். தானே விற்கும் அல்லது சமைத்து வழங்கும் பள்ளி, உணவு வணிகராகப் பதிவு செய்ய வேண்டும் அல்லது உரிமம் பெற வேண்டும். குத்தகைக்கு விட்டால், குத்தகைதாரர் அவற்றை வைத்திருக்கிறாரா என்று உறுதிசெய்வது பள்ளியின் பொறுப்பு.

கேள்வி: 'எனர்ஜி டிரிங்க்' விற்கலாமா?

கூடாது. காஃபின் கலந்த அப்பானங்களின் லேபிளிலேயே குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று அச்சிட்டிருக்க வேண்டும்.