ஈராக் போருக்கு அமெரிக்கா வரியை உயர்த்தாமல் பணம் திரட்டியது எப்படி?

கடன் வாங்கித்தான். கடனில் போர் நடத்துவது என்றால், செலவுக்கான பணத்தை மக்களிடம் உடனே வரியாக வாங்காமல், அரசு கடன் பத்திரங்களை விற்றுத் திரட்டுவதாகும். கொரியப் போரின்போது அதிபர் ட்ரூமனின் அரசு வரியை உயர்த்தியது. வியட்நாம் போரின் நடுவே, 1968இல், வருமான வரியின் மேல் 10 சதவீதக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. ஆனால் 2003 மார்ச்சில் ஈராக்கின் மீது படையெடுத்த அதிபர் புஷ்ஷின் அரசு, அதே ஆண்டு மே மாதத்தில் வரியைக் குறைத்தது. போர்ச்செலவின் பெரும்பகுதி பல ஆண்டுகள் வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே, அவசரத் துணை ஒதுக்கீடுகளாகவே, அதாவது தனியாகக் கேட்கும் கூடுதல் நிதியாகவே, கேட்டுப் பெறப்பட்டது.

இதற்கான அடிப்படைக் காரணம் அரசியல்தான். வரி உயர்ந்தால் ஒவ்வொரு குடும்பமும் போரின் விலையை உணர்ந்து கேள்வி கேட்கும். கடன் உயர்ந்தால் அந்த விலை வாக்காளரின் கண்ணில் படாது. மாதக் கணக்கு நோட்டில் எழுதாமல் மளிகைக் கடையில் தனிப் பற்று வைத்துப் பொருள் வாங்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள்: நோட்டில் குறையே தெரியாது, பாக்கியோ பிள்ளைகள் தலையில் விழும். வாக்குரிமையே இல்லாத அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதே இதில் எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது.

அதிபர் தனியாக இந்தப் பணத்தைச் செலவிட்டார் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் நிதி ஒதுக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கே உரியது, அந்த ஒதுக்கீடுகளுக்கு இரு கட்சி உறுப்பினர்களும் வாக்களித்தார்கள்.