பயணத்தில் வரையத் தொடங்குவோருக்கு: கேள்வி பதில்

கோட்டோவியமும் நீர்வண்ணமும்தான் எனக்குத் தெரிந்தவை. எண்ணெய் வண்ணம், கணினி ஓவியம் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (கும்பகோணம் வாசகி): முதல் ஏடு எப்படி இருக்க வேண்டும்? எந்த பிராண்ட்?

பதில்: பிராண்டை விடுங்கள், தாளின் கனத்தைப் பாருங்கள். பென்சில், பேனா மட்டும் என்றால் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாராளம். வண்ணமும் பூசுவதானால் 200க்குக் குறையக் கூடாது. 300 கிடைத்தால் நல்லது, அதிகம் நெளியாது. ஏ5 அளவைத் தாண்டாதீர்கள். முக்கியமாக, தோல் அட்டை போட்ட விலை உயர்ந்த ஏட்டை வாங்காதீர்கள். முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்திலேயே அது அலமாரியில் கிடக்கும்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): பேனாவால் வரைந்து வண்ணம் பூசினால் மை கலங்கிவிடுகிறது.

பதில்: ஊற்றுப்பேனாவின் சாதாரண மை நீரில் கரையும் சாய மை. நீரில் கரையாத நிறமி மைப் பேனா வாங்குங்கள். கடையில் ‘இந்தியன் இங்க்’ நன்றாகக் கறுப்பாக இருக்கிறதே என்று அதை ஊற்றுப்பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அரக்குக் கலந்த மை உள்ளே காய்ந்தால் பேனா போச்சு.

கேள்வி (செங்கல்பட்டு): மாமல்லபுரம் போகிறேன். எங்கே தொடங்கலாம்?

பதில்: இப்படிக் கேளுங்கள், பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. கடற்கரைக் கோயிலுக்கு ஓடாதீர்கள். ஐந்து ரதங்களுக்குப் போய், திரௌபதி ரதத்தின் முன் உட்காருங்கள். கூரை வேய்ந்த குடிசையை 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் பாறையில் செதுக்கிவைத்தது அது. சதுரமான உடல், மேலே வளைந்து கூம்பும் கூரை. அடுக்குகள் இல்லை, தூண் வரிசை இல்லை. பீம ரதத்தின் நீண்ட கூண்டுக் கூரையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். தர்மராஜ ரதத்தை இப்போதைக்குச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். திரௌபதி, அர்ச்சுன, பீம, தர்மராஜ ரதங்கள் நான்கும் மேற்கு நோக்கியவை. காலையில் முகப்பு நிழலில் மங்கிக் கிடக்கும். பிற்பகல் வெயில் அதன்மேல் விழும்போது கூரை விளிம்பின் நிழல் சுவரில் கறுப்புப் பட்டையாக இறங்கும். அந்தப் பட்டையைச் சரியாகப் போட்டுவிட்டால் மற்றதில் பாதியை விட்டுவிடலாம்.

வண்ணம் மூன்று போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, மஞ்சள் ஓக்கர். முதலிரண்டையும் கலந்தால் கருங்கல்லின் சாம்பல் நிறம் வரும். நிழலுக்கு நீலத்தைக் கூட்டுங்கள், வெயிலுக்குப் பழுப்பை. டப்பாவில் இருக்கும் கறுப்பைத் தொட்டால் ரதம் தீயில் கருகியதுபோல ஆகிவிடும்.

கேள்வி (திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): தஞ்சைப் பெரிய கோயில் எப்போது வரைந்தாலும் தாளுக்குள் அடங்குவதில்லை ஐயா.

பதில்: கலசத்திலிருந்து தொடங்கி ரசித்து ரசித்து இறங்கியிருப்பீர்கள். முதலில் உச்சிக்கு ஒரு புள்ளி, தரைக்கு ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கையை முழுதாக நீட்டி, பென்சிலால் விமானத்தின் அடி அகலத்தை அளந்து, உயரத்தில் அது எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். சுமார் 60 மீட்டர் உயரமுள்ளதை அருகில் நின்று அண்ணாந்து வரைய வேண்டாம். ராசராசன் திருவாயிலைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிடுங்கள். 13 நிலைகளையும் எண்ணி எண்ணி வரைவது தொல்லியல் துறையின் வேலை.

கேள்வி (ஈரோடு): எந்தக் கம்பெனி பென்சில் நல்லது?

பதில்: மென்மையாகவும் கறுப்பாகவும் எழுதும் 2பி. கம்பெனி எதுவானாலும் சரி.

கேள்வி (சென்னை, ஐடி ஊழியர்): நின்று வரைய நேரமில்லை. கைப்பேசியில் படமெடுத்து வீட்டில் வரையலாமா?

பதில்: வரையலாம், தடுக்க நான் யார்? ஆனால் கைப்பேசி அகலக் கோணத்தில் பார்க்கிறது. அருகிலிருக்கும் இளநீர் வண்டி பெருத்து, பின்னால் கோபுரம் சுருங்கிப்போகும். அந்தப் பிழையைத்தான் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கவனமாக நகலெடுப்பீர்கள்.

கேள்வி (கோவை, பொறியாளர்): கைப்பேசிப் படம் வேண்டாம் என்பது வெறும் பிடிவாதம். பழைய ஓவியர்களே கருவி வைத்துத்தான் வரைந்தார்கள்.

பதில்: நல்ல குத்து. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னிந்தியாவைச் சுற்றி வரைந்தபோது எதிரிலுள்ள காட்சியைத் தாளில் விழவைக்கும் பெட்டியான கேமரா அப்ஸ்குராவைப் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டி எதையும் சேமித்துத் தராது. தாளில் விழும் பிம்பத்தை அந்த இடத்திலேயே, அந்த வெயிலிலேயே கையால் கோடிழுத்து எடுக்க வேண்டும். பிறகு லண்டனில் 1795 முதல் 1808 வரை 144 அச்சோவியங்கள் வந்தன. ‘அவை வீட்டில் செய்தவைதானே’ என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். கோடுகள் இங்கே எடுத்தவை.

கேள்வி (மறுபடியும் கோவை): அப்படியானால் அங்கேயே நின்று, கைப்பேசித் திரையில் கட்டம் போட்டு, அதைப் பார்த்து வரைந்தால்?

பதில்: அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபின் பல கோயில்களில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். உள்ளே போனபின் பென்சிலை நீட்டி அளப்பதைத் தவிர வேறு வழி? இந்த வழக்கை இத்துடன் முடிக்கிறேன். இன்னும் பலர் இருபக்கமும் எழுதியிருக்கிறீர்கள், படித்தேன்.

கேள்வி (விருதுநகர்): பஸ் நிலையக் கூட்டத்தை வரைந்தால் சிலர் பறப்பதுபோல் இருக்கிறார்கள்.

பதில்: நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், சமதரையில் நிற்கும் பெரியவர்களின் தலைகள் அருகிலிருந்தாலும் தொலைவிலிருந்தாலும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் வரும். பாதங்கள்தான் ஏறும், இறங்கும். தலைகளை முதலில் வரிசையாகப் புள்ளி வைத்துவிட்டு உடலைத் தொங்கவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பரிசாகக் கொடுக்க நல்ல தோல் அட்டை ஏடு எங்கே கிடைக்கும்?

பதில்: முதல் பதிலைப் படிக்கவும்.

கேள்வி (வேலூர்): பொது இடத்தில் வரையக் கூச்சமாக இருக்கிறது. கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

பதில்: சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னாலிருந்து எட்டிப்பார்க்க இடமிருக்காது. காவலர் எழுந்திருக்கச் சொன்னால் வாதாடாமல் எழுந்துவிடுங்கள். சிறுவர்கள் வந்தால் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிடலாம். யாராவது என்ன விலை என்று கேட்பார்கள். விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வரைந்துகொண்டிருங்கள்.