பிரஷ்யாவின் கட்டட அதிகாரி ஷிங்கெல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கட்டடக்கலை மாணவி: கட்டடக்கலைஞர் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஷிங்கெலை மேதை என்கிறார்கள். அவர் அரசு ஊழியராக இருந்தாராமே, எப்படிச் சேர்ந்தார்?

வேறு பிழைப்பு இல்லாத காலம் அது. 1781-ல், பிரஷ்யா என்ற பழைய ஜெர்மானிய அரசில், நொய்ருப்பின் என்ற ஊரில் பிறந்தார். ஆறு வயதில் ஊரின் பெரும்பகுதி தீக்கிரையானது. அதே ஆண்டு பாதிரியாரான தந்தையும் இறந்தார். குடும்பம் பெர்லினுக்கு வந்தது. அங்கே 1797-ல் ஒரு கண்காட்சியில் ஃபிரீட்ரிஷ் கில்லி என்ற இளம் கலைஞர் வரைந்த நினைவுமண்டபத் திட்டத்தைப் பார்த்தவர், பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு கில்லியிடமும் அவர் தந்தையிடமும் தொழில் கற்கப் போனார். கில்லி 28 வயதில் இறந்துபோனது தனிச் சோகம்.

இத்தாலி சுற்றிவிட்டு 1805-ல் திரும்பினார். மறு ஆண்டே நெப்போலியன் பிரஷ்யாவை முறியடித்துவிட்டார். கஜானா காலி, கட்டட வேலையே இல்லை. மக்கள் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் பிரம்மாண்டமான காட்சி ஓவியங்களை வரைந்து சம்பாதித்தார். அவற்றை அரசி லூயிசேவும் வந்து பார்த்தார். 1810-ல் அறிஞரும் அரசு அதிகாரியுமான வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட்டின் சிபாரிசில் அரசு வேலை கிடைத்தது.

ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர்: பதவி என்ன, அதிகாரம் என்ன?

உங்களுக்கு இது நன்றாகப் புரியும் சார். உயர் கட்டுமான ஆணையம் என்று ஓர் அமைப்பு. அரசுச் செலவில் எழும் முக்கியமான கட்டடங்களின் வரைபடமும் எஸ்டிமேட்டும் அங்கே வந்து தேறிப் போக வேண்டும். அதில் அழகியல் பகுதியைக் கவனிப்பது ஷிங்கெலின் வேலை. ரைன் நதிக்கரையிலிருந்து கிழக்குப் பிரஷ்யா வரைக்கும் தேவாலயம், பள்ளி, அலுவலகம் என்று கோப்புகள் குவியும். பிடிக்காததைத் திருப்பி அனுப்புவதோடு நிற்க மாட்டார், தானே திருத்தி வரைந்து கொடுப்பார். 1830-ல் அந்த ஆணையத்துக்கே தலைவரானார். 1838-ல் நாட்டின் கட்டுமானத் துறையிலேயே உச்சப் பதவி.

பெர்லினில் அவர் கட்டியவற்றைவிட இந்தக் கோப்புகள் வழியாக அவர் செய்ததுதான் பெரிது என்பேன். 1815-லேயே பழைய கட்டடங்களைப் பாதுகாக்க அரசுக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். மறு ஆண்டு, பாதியில் நின்றுகிடந்த கொலோன் பேராலயத்தைப் போய் ஆய்வு செய்தார்.

இன்னொருவர்: போர் வீரத்துக்குத் தரப்பட்ட இரும்புச் சிலுவைப் பதக்கம் அவர் வடிவமைத்ததா?

ஆமாம், 1813-ல். மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் கொடுத்த கோட்டோவியத்தைச் செம்மைப்படுத்தினார்.

நாடகக் குழுவைச் சேர்ந்த ஒருவர்: அவருக்கு நாடகத்தோடு என்ன தொடர்பு?

நிறைய. 1816-ல் மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ இசைநாடகத்துக்கு அவர் வரைந்த விண்மீன் குவிமாடக் காட்சி இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது. 1817-ல் பெர்லின் நாடகசாலை எரிந்துபோனபோது புதிதாகக் கட்டும் பொறுப்பும் அவருக்கே வந்தது. ஆனால் சிக்கனம் மன்னரின் கட்டளை! பழைய அடித்தளத்தையும், எரியாமல் மிஞ்சிய தூண்களையும் பயன்படுத்தியே ஆக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் 1821-ல் முடித்துக் கொடுத்தார். இன்று அது கச்சேரி அரங்கம்.

கட்டடக்கலை மாணவி: பெர்லினில் அவர் கட்டிய ‘பழைய அருங்காட்சியகத்தில்’ எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் முகப்பு. 87 மீட்டர் நீளத்துக்கு, உச்சியில் சுருள் கொண்ட கிரேக்க பாணித் தூண்கள், அதாவது அயோனியத் தூண்கள், 18 வரிசையாக நிற்கும். உள்ளே ரோமின் பண்டைய கோயிலான பாந்தியனை நினைவூட்டும் வட்ட மண்டபம். ஆனால் அதன் குவிமாடம் வெளியே தெரியாது. சுற்றிலும் சதுரமாகச் சுவர் எழுப்பி மறைத்துவிட்டார். எதிரே அரண்மனை, பக்கத்தில் பேராலயம். அவற்றோடு போட்டி போடும் இன்னொரு குவிமாடம் அங்கே வேண்டாம் என்பது கணக்கு. அலோய்ஸ் ஹிர்ட் என்ற பேராசிரியர் தூண்வரிசையும் வட்ட மண்டபமும் வீண் செலவு என்று எதிர்த்தார். ஷிங்கெல் விடவில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது படிக்கட்டு: மேலே ஏறி நின்று திரும்பினால் தூண்களுக்கு நடுவே நகரம் தெரியும். 1830-ல் திறந்தார்கள்.

சிவில் பொறியாளர் ஒருவர்: கிரேக்கத் தூண்களைத் தாண்டி அவரிடம் புதுமை உண்டா?

1826-ல் நண்பரும் பிரஷ்ய அரசு அதிகாரியுமான பொய்ட்டுடன் இங்கிலாந்து போனார். போனது அருங்காட்சியகங்களைப் பார்க்க. மனதில் நின்றதோ மான்செஸ்டரின் செங்கல் ஆலைகளும் இரும்பு வேலைகளும். அந்த ஆலைகளின் அழகற்ற பிரம்மாண்டம் அவரைக் கலங்கடித்தது. இருந்தாலும் 1832 முதல் 1836 வரை எழுந்த பாவ்அகாடமி என்ற கட்டடக்கலைப் பள்ளியில் அந்தப் பாதிப்பு தெரிகிறது: பூசாத சிவப்புச் செங்கல், பளுவைத் தாங்கும் தூண்கள் சீரான கட்டங்களாக, இடையே செங்கல் வளைவுக் கூரை. கீழ்த்தளத்தில் வாடகைக்குக் கடைகள்! மேலே ஆணையத்தின் அலுவலகம், அவர் வீடும் அங்கேயே. அலுவலகக் கட்டடத்திலேயே குடியிருந்தால் ஓய்வு எங்கே? 1840-ல் பக்கவாதம் தாக்கியது, 1841 அக்டோபர் 9-ல் இறந்தார்.

பயணம் போகும் ஒருவர்: அந்தக் கட்டடத்தைப் பார்க்க முடியுமா?

முடியாது. இரண்டாம் உலகப் போரில் சேதமானது, பழுதுபார்க்கத் தொடங்கிவிட்டு, கடைசியில் கிழக்கு ஜெர்மனி அரசு 1962-ல் இடித்துவிட்டது. அங்கே கட்டிய வெளியுறவு அமைச்சகத்தையும் 1990-களில் இடித்தார்கள். மீண்டும் கட்ட 2016-ல் நாடாளுமன்றம் 6.2 கோடி யூரோ ஒதுக்கியது. எப்படிக் கட்டுவது என்பதில் வாதம் நீண்டது. அதே பக்கத்தில் அவருடைய ஃபிரீட்ரிஷ்வெர்டர் தேவாலயம் இருக்கிறது, அதுவும் செங்கல்தான். உள்ளே 19-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள். அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம்.