பழைய துணியையும் ரெசினையும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) வைத்து வீட்டிலேயே கத்திப்பிடி செய்ய முடியுமா? கடையில் கிடைக்கும் மைக்கார்ட்டா (துணியும் ரெசினும் சேர்த்து அமுக்கிய பலகை) அளவுக்கு உறுதியாக இருக்குமா?

தாராளமாகச் செய்யலாம். என் வீட்டுக் காய்கறிக் கத்தியின் பிடி பழைய ஜீன்ஸ்தான். கடைச் சரக்கின் உறுதி அப்படியே வருமா என்றால், வராது. காய் நறுக்கும் கத்திக்கு அவ்வளவு உறுதி தேவையும் இல்லை.

மைக்கார்ட்டா 1910 வாக்கில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மின்காப்புக்காகக் கொண்டுவந்தது. துணியையோ காகிதத்தையோ பீனாலிக் என்ற சூட்டில் இறுகும் ரெசினில் ஊறவைத்து, அடுக்கி, சூடான பிரஸ்ஸில் பலமாக அமுக்கிப் பலகையாக்குவார்கள். நம்மூர் எலெக்ட்ரீசியன்கள் ஹைலம் ஷீட் என்று கேட்டு வாங்குவதும் இதே ஜாதிதான். அந்தச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் வீட்டில் வழியில்லை. அதனால் நாம் சாதாரண வெப்பத்திலேயே இறுகும் எபாக்சி என்ற ரெசினுக்குப் போகிறோம். இதற்குச் சூடு ஆகாது. கொதிக்கிற தண்ணீரில் போட்டாலோ, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டாலோ லேசாக இளகும். மற்றபடி ஈரம், எண்ணெய், புளி எதற்கும் அசையாது. மரப்பிடி போல ஊறி விரிசல் விடுவதும் இல்லை.

முதலில் துணி. பருத்தி, லினன், கான்வாஸ், கதர் எல்லாம் சரி. பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், ரெசினைக் குடிக்காது. சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சின்ன மணியாகத் திரண்டு நிற்கும். புதுத் துணி என்றால் கஞ்சி போகும்வரை வெந்நீரில் அலசி, சுத்தமாகக் காயவைக்க வேண்டும். ஈரம் மிச்சம் இருந்தால் எபாக்சி சரியாக இறுகாது. நிறம் எப்படி வரும் என்று தெரிய ஒரு சுலபமான வழி: துணியைத் தண்ணீரில் நனையுங்கள். நனைந்தபோது தெரிகிற நிறத்தை ஒட்டித்தான் கடைசியிலும் வரும். வெள்ளை வேட்டி வெள்ளையாக நிற்காது. பழுப்பு கலந்து, கொஞ்சம் கண்ணாடித்தனமாகிவிடும்.

ரெசின் வாங்கும்போது சின்ன டியூபில் வரும் ஆரல்டைட் பக்கம் போகாதீர்கள். அது ஒட்டுவதற்கான பசை, துணிக்குள் இறங்காது. லேமினேட்டிங் எபாக்சி (துணி அடுக்குக்குள் இறங்கும் வகை) என்று கேளுங்கள். எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) நம் நாட்டில் பரவலாகப் புழங்கும் ஜோடி. எடையில் 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஹார்டனர். கண்ணளவு உதவாது, தராசு வேண்டும். ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று பலர் நினைக்கிறார்கள். பலகை பிசுபிசுப்பாகவோ நொறுங்கலாகவோ போவதுதான் மிச்சம். சித்திரை வெயிலில் கலந்தால் கப்பிலேயே கொதித்துப் புகை விடும். காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. பைபர் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் விலை குறைவுதான். ஆனால் நாற்றம் தாங்காது, எபாக்சி அளவுக்கு உறுதியும் கிடையாது. அதைத்தான் எடுப்பேன் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: அதோடு தரும் கோபால்ட் ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் என்ற இறுக வைக்கும் இரண்டு திரவங்களையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது.

ஒரு கத்திக்கு இரண்டு பக்கத்துப் பிடிக்கும் சேர்த்து 15-க்கு 10 சென்டிமீட்டர் பலகை போதும். ஜீன்ஸ் என்றால் 12 அடுக்குக்கு 7, 8 மில்லிமீட்டர் கனம் வரும். பிதுங்கி வீணாவதையும் சேர்த்து ரெசின் 150 முதல் 200 கிராம் வரை கலந்தால் போதும்.

வேலையின் உயிர் துணியை ஊறவைப்பதில்தான் இருக்கிறது. தட்டையான பலகை மேல் பாலித்தீன் விரித்து (எபாக்சி அதில் ஒட்டாது), கொஞ்சம் ரெசின் ஊற்றி முதல் துண்டை வையுங்கள். கையுறை போட்ட விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போனால் நீலம் கறுத்துக்கொண்டு வரும். எங்காவது வெளிறிய திட்டு தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது என்று அர்த்தம். அதைத் தேய்த்து விரட்டாமல் அடுத்த துண்டை வைக்காதீர்கள்; பின்னால் பாலிஷ் போடும்போது அதே இடத்தில் ஓட்டை தெரியும். எல்லாம் அடுக்கியதும் மேலே பாலித்தீன், இன்னொரு பலகை. இரண்டு ஓரத்திலும் ஒரே கனமுள்ள இரும்புத் துண்டுகளைக் கொடுத்து, சி கிளாம்பை (திருகி இறுக்கும் பிடிப்பான்) சுற்று சுற்றாக, நாலு மூலையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே மூலையை இறுக்கினால் அடுக்கு வழுக்கிக்கொண்டு போகும். ஓரத்தில் ரெசின் பிதுங்கி, குமிழி இல்லாமல் வந்தால் நிறுத்திவிடலாம். மறுநாள் கழற்றலாம், ஆனால் முழுசாக இறுக ஒரு வாரம் விடுங்கள்.

அறுப்பதற்கு ஹேக்ஸா பிளேடு போதும். ஒரே நிறத்தில் செய்தால் அழகு பெரிதாகத் தெரியாது. இரண்டு நிறத்தை மாற்றி மாற்றி அடுக்கி, பிடியை வளைவாகத் தேய்த்துப் பாருங்கள்: வெங்காயத்தைச் சாய்த்து நறுக்கினால் வளையம் விரிகிற மாதிரி கோடுகள் விரியும். எங்கே எவ்வளவு தேய்க்கிறோமோ அதற்கேற்பக் கோலம் மாறும். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான். உப்புத்தாளை 220 நம்பரிலேயே நிறுத்திவிடுங்கள். கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கினால் மீன் கழுவிய கையில் வழுக்கும்.

தேய்க்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பறக்காது, என்95 மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். ஹார்டனர் தோலில் படப்பட அலர்ஜி வரும், ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் எபாக்சி பக்கமே போக முடியாது. நைட்ரைல் கையுறை கட்டாயம்.

கத்தியில் பொருத்தும்போது உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, ஆரல்டைட் தடவி, இரண்டு மூன்று பித்தளைக் கம்பிகளைக் குறுக்கே அடித்துவிடுங்கள். டியூப் ஆரல்டைட்டுக்கு வேலை இங்கேதான்.

இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் மின்காப்புப் பொருள் விற்கும் கடையில் துணி ஹைலம் என்று கேளுங்கள், பல்சக்கரமும், தண்டு சுழலும் வளையமான புஷ்ஷும் செய்ய வாங்குவார்கள். அதை அறுத்தே பிடி போடலாம். சூடும் தாங்கும், உறுதியும் கூடுதல். என்ன, நிறம் பெரும்பாலும் ஒரே பழுப்பாக இருக்கும்.