கொள்ளுப் பருப்பு சாப்பிட்டதும் பார்க்கின்சன் மாத்திரை வேலை செய்யாதது ஏன்?

கோபியில் இருக்கும் அப்புச்சிக்கு, மதியம் கொள்ளுப் பருப்பும் சோறும் உண்ட கையோடு லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரையைக் கொடுத்தால் நடுக்கம் அடங்குவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. கொள்ளின் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகிறது. லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலமே. குடல் சுவரிலும், பிறகு மூளையின் வாசலிலும் இவை ஒரே பாதைக்கு முட்டிமோதுகின்றன, மருந்து பின்தங்கிவிடுகிறது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பே தண்ணீருடன் கொடுங்கள். குமட்டினால் கொஞ்சம் அரிசிக் கஞ்சி போதும், பால் வேண்டாம். கொள்ளை அடியோடு விடச் சொன்னால் கொங்கு வீட்டில் யார் கேட்பார்கள்? மருத்துவரிடம் பேசி கொள்ளை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாம். எழும்போது சற்று உட்கார்ந்து எழட்டும். இந்த மருந்தால் ரத்த அழுத்தம் சரியக்கூடும். மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்: கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம்.