மண் நிற வீடு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடி, மதுரைப் பக்கம் இருபது வருடமாக வீடுகளுக்கு உள்வேலை செய்கிறேன். செம்மண், காவி, சந்தனம், தேக்கு என்று இயற்கை நிறங்களில் செழிப்பான வீடு அமைப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். தரை, சுவர், மரம், வெளிச்சம் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன். வாஸ்து கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை.

கேள்வி (கோவை): ஹாலுக்கு டெரகோட்டா நிறம் அடித்தோம். கடை அட்டையில் அவ்வளவு அழகாக இருந்தது. ராத்திரியில் பார்த்தால் சேறு பூசியது போல இருக்கிறது. மறுபடி பெயிண்ட் அடிக்கவா?

பதில்: வேண்டாம் மேடம். முதலில் பல்பைக் கழற்றி அதில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று இருந்தால் காரணம் அதுதான். நீலம் தூக்கலான அந்த வெள்ளை வெளிச்சத்தில் சிவப்பின் பங்கு குறைவு. செம்மண் நிறம் கண்ணுக்குத் தெரிவதே சுவர் சிவப்பையும் மஞ்சளையும் திருப்பி அனுப்புவதால்தான். விளக்கு தராததைச் சுவர் எங்கிருந்து தரும்? 2700 முதல் 3000 கெல்வின் பல்பு வாங்குங்கள். 2700 என்பது பழைய குண்டு பல்பு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வரும். நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் இருக்கிறதா என்றும் பெட்டியில் பாருங்கள்.

இன்னொன்று. நான்கு சுவருக்கும் அடித்திருந்தால், ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, அட்டையில் கண்டதைவிட அடர்த்தியாகத் தெரியும். ஒரு சுவரில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சந்தன வெள்ளைக்கு மாற்றலாம். யாராக இருந்தாலும் அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி பலகையில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் அதே ஹாலில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): கையால் செய்யும் ஆத்தங்குடிக் கல் போடலாமா, அதே டிசைனில் மெஷினில் செய்து சூளையில் சுட்டு வரும் விட்ரிஃபைடு டைல்ஸ் போதுமா?

பதில்: பராமரிப்பே கூடாது என்றால் விட்ரிஃபைடு போடுங்கள். ஆனால் ஒருமுறை காரைக்குடிப் பக்கம் இருக்கும் ஆத்தங்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் சார். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெதுவாகத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை இழுக்க விடுவார்கள். அதன் மேல் கலவை வைத்து மட்டம் செய்து, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். சூளையே கிடையாது. கண்ணாடி பிரிந்து வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் இறங்கியிருக்கும். இரண்டு கல் ஒரே மாதிரி இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் தரைக்கு உயிர் வருகிறது. நடக்க நடக்க மெருகும் கூடும்.

முகம் சிமெண்ட் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே கிடந்தால் வெளிறிய வட்டம் விழும். ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டில் கல் பதித்து முடித்த மறுநாள், சிமெண்ட் கறை போகட்டும் என்று சுத்தம் செய்ய வந்தவர்கள் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். அரக்குச் சிவப்பு முழுவதும் சாம்பல் பூத்துப் போனது. ஹால் முழுக்கப் பெயர்த்தோம். அன்றிலிருந்து, வீட்டைச் சுத்தம் செய்யும் நாளில் நானே போய் நிற்கிறேன். துடைக்கிற தண்ணீரில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் போதும்.

டிசைன் விஷயத்தில், நடு ஹாலில் மட்டும் பூக்கல் விரித்து, சுற்றிலும் வெறும் சிவப்பு அல்லது மஞ்சள் கல் போடுங்கள். எல்லா அறையிலும் பூ வைத்தால் கண் எங்கேயும் உட்காராது.

கேள்வி (சென்னை): நல்ல மண் நிறத்துக்கு ஷேடு நம்பர் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் ஜன்னல் எந்தத் திசை, தரை என்ன கல் என்று தெரியாமல் நம்பர் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். கோவைக்குச் சொன்ன பலகை முறையைச் செய்யுங்கள்.

கேள்வி (ஈரோடு): படுக்கையறைக்கு ரெட் ஆக்ஸைடு (சிவப்புத் தூள் கலந்த சிமெண்ட்) தரை ஆசை. விரிசல் விடும் என்று மேஸ்திரி பயமுறுத்துகிறார்.

பதில்: மயிரிழை விரிசல் வரும், அதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும் போடுங்கள். பெரிய அறையைப் பித்தளைப் பட்டை வைத்துப் பிரித்துக்கொண்டால் விரிசல் கட்டுக்குள் நிற்கும். ஆக்ஸைடு தூள் சிமெண்ட் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு அறைக்கான கலவை முழுவதையும் உலர்நிலையில் ஒரே தடவையாகக் கலந்து வையுங்கள், இல்லையென்றால் திட்டுத் திட்டாக நிறம் மாறும். ஏழு நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி ஐந்து வருடத்துக்கு முன் போட்ட தரையைப் போய்ப் பாருங்கள் தம்பி. காட்ட மறுத்தால் வேறு ஆள் தேடுங்கள்.

கேள்வி (காரைக்குடி): சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் நல்லது என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பது காசுக்குக் கேடு. அக்ரிலிக் டெக்ஸ்சர் அடித்தால் அதே தோற்றம் வருகிறது.

பதில்: புகைப்படத்தில் அதே தோற்றம், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரிலேயே ஒரு பழைய வீட்டின் முகப்பில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள் சார். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்த சுவர் அது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக் படலம். சுவரில் ஈரம் ஏறினால் அதற்கு வெளியேற வழியில்லை, கொப்புளம் கட்டி உரியும்.

மீண்டும் அவரே: ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா?

பதில்: இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ஏற்கனவே புட்டி வைத்த ஃபிளாட் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டி எடுக்க வேண்டும். அங்கே நல்ல மேட் பெயிண்ட் போதும். நான் சண்டை போடுவது சொந்த மனையில் கட்டுகிறவர்களுக்காக. அவர்களுக்கும் எல்லாச் சுவரும் வேண்டாம். வாசலில் நுழைந்ததும் கை படுகிற ஒரு சுவருக்குச் செய்யட்டும்.

இதே விவாதத்தில் சிவகங்கை: நாங்கள் சைவம். முட்டை இல்லாமல் முடியுமா?

பதில்: தாராளமாக. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைப்பது பழைய வழக்கம்தான். மினுமினுப்பு கொஞ்சம் குறையும், அதுவும் அழகு. எதை வேண்டுமானாலும் சேருங்கள், அதன் மேல் அக்ரிலிக் மட்டும் அடிக்காதீர்கள். காவித்தூளைச் சுண்ணாம்பிலேயே கலந்துவிடுங்கள். காவி என்பது இரும்பு ஆக்ஸைடு, வெயிலுக்கு வெளுக்காது.

கேள்வி (தஞ்சாவூர்): சுவரில் உப்பு பூக்கிறது. எந்த நிறம் மறைக்கும்?

பதில்: எதுவும் மறைக்காது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பொறியாளரை வைத்துக் கண்டுபிடியுங்கள்.

கேள்வி (திருச்சி): கறுப்பு கிரானைட் சமையல் மேடை மண் நிறத்தோடு சேருமா?

பதில்: சேரும். பாலிஷ் வேண்டாம், தோல் போலச் சொரசொரப்பாக இருக்கும் லெதர் ஃபினிஷ் கேளுங்கள்.

கேள்வி (சேலம்): எங்கள் பழுப்புச் சுவர் டல்லாக இருக்கிறது, எந்த ஷேடுக்கு மாற்றலாம்?

பதில்: முதல் பதில். பல்பு.

கேள்வி (நெல்லை): வீட்டுக்குக் கடன் வாங்கியாயிற்று. உள்ளே செலவு செய்யக் கொஞ்சம்தான் இருக்கிறது.

பதில்: ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிடுங்கள். கையும் காலும் தொடுகிற இடத்தில் பணத்தைப் போடுங்கள்: வாசல் கதவு, அதன் பித்தளைப் பிடி, உட்காரும் திண்டு. பத்தமடை உங்களுக்குப் பக்கம், ஒரு நல்ல கோரைப்பாயைச் சுவரில் மாட்டினாலே அறை நிறைந்துவிடும். சோபாவுக்கு முன் பவானி ஜமக்காளம் விரியுங்கள்.

கேள்வி (விருதுநகர்): அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. மண் நிறம் இருட்டாக இருக்கும் என்கிறார். அவர் அறைக்கு என்ன செய்யலாம்?

பதில்: அம்மா சொல்வதுதான் சரி. வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அவர் அறையில் சுவரை வெளிர் சந்தனமாக வைத்து, மண் நிறத்தைத் தரையிலும் திரையிலும் கொண்டு வாருங்கள். தரையும் சுவரும் சேரும் இடம் தெளிவாகத் தெரியட்டும், கதவு நிலைக்கு அடர் தேக்கு நிறம் கொடுங்கள். பளபளக்கும் தரை வேண்டாம், ஈரமா இல்லையா என்று தெரியாமல் கால் தயங்கும். கட்டிலிலிருந்து குளியலறை வரை முழங்காலுக்குக் கீழே மஞ்சள் வெளிச்சத்தில் சின்ன விளக்கு ஒன்று இரவெல்லாம் எரியட்டும். பெயிண்ட் பலகையை அவர் கட்டில் அருகே வைத்து, அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.